முட்டையோட்டுப் பொடி

சின்னத் தொட்டியில் பூங்கோதை முட்டையிட வைத்துப் பெருக்கிய நத்தைகளெல்லாம் பெரிய தொட்டியில் இருந்த, ஓட்டைப் பல்லால் நொறுக்கித் தின்னும் பஃபர் மீனுக்குத்தான். தினமும் ஒன்றை அவள் கையாலேயே போட வேண்டும் என்பது கணவன் ஜெயபாலின் சட்டம். ஓடு நொறுங்கும்போது அவன் மீனைப் பார்க்க மாட்டான், அவள் முகத்தைத்தான் பார்ப்பான். நத்தைகளைக் காப்பாற்ற நினைத்து அவள் முட்டையோட்டைப் பொடித்துச் சின்னத் தொட்டியில் தூவினாள். அதைத் தின்ற நத்தைகளின் ஓடுகள் கல்லாக இறுகின. மீன் கடிக்கத் திணறியது.

அவன் சிரித்தான். “கெட்டியா இருந்தாத்தான்டி அதுக்குப் பல்லு தேயும். இல்லன்னா பல்லு வளந்து, வாயத் திறக்க முடியாம பட்டினி கெடந்து செத்துடும்.”

மறுநாளிலிருந்து அவள் முட்டை ஓட்டைக் குப்பையில் போட்டாள். நத்தைகளின் ஓடு அப்பளமாக மெலிந்தது. மீன் சிரமமில்லாமல் தின்று கொழுத்தது. மழைக்காலம் முடிந்தபோது அதன் பற்கள் நீண்டு ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருந்தன. அது மணலில் சாய்ந்து கிடந்தது.

“ஏண்டி சாப்பிட மாட்டேங்குது?”

“பசிக்கலையோ என்னவோ.” அவள் இன்னொரு நத்தையைப் போட்டாள். அது நிதானமாக ஊர்ந்து, மீனின் திறந்த கண்மேல் ஏறி மேயத் தொடங்கியது.

“நீங்க வாங்க,” என்றாள், “சோறு ஆறுது.”