ஸ்பீக்கர் காந்தம்

"மாமா, ஆணி ஒட்டுது! ஹேர்பின் ஒட்டுது! அலுமினிய டம்ளர் மட்டும் ஒட்டவே மாட்டேங்குது!"

பழைய ஸ்பீக்கரை உடைத்து, அதிலிருந்த காந்தத்தைத் தங்கை மகளிடம் கொடுத்தது மாமாதான். காகிதத்தின் மேல் குண்டூசிகளைத் தூவி, அடியில் காந்தத்தை நகர்த்தி, அவற்றை ஊர்வலம் போகவும் வைத்தார்.

"இரும்புன்னா ஓடி வந்து ஒட்டிக்கும். தங்கமெல்லாம் திரும்பிக்கூடப் பாக்காது. புரிஞ்சுதா குட்டி?"

புரிந்தது. சோதித்துப் பார்க்கத் தங்கம் தேடினாள். அம்மாவின் கையில் இருந்தது.

டக்.

வளையல் காந்தத்தைப் பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் விடவில்லை.

"மாமா, தங்கம் ஒட்டுதே! நீங்க சொன்னது தப்பு!"

மாமாவின் நாக்குதான் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"உன் கல்யாணத்துக்கு உங்கண்ணன் போட்ட வளையல்தானே இது?"

தங்கை மெல்லக் காந்தத்தைப் பிரித்தெடுத்தாள்.

"இல்லை அண்ணி... வீட்ல ஒரு கஷ்டம். அதை வித்துட்டேன். இது அதே மாதிரி வாங்கின கவரிங், உள்ள இரும்பு."

"வித்துட்டியா! வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் போட்டாரு மனுஷன். ஒரு வார்த்தை சொன்னியா? இங்க வர்றப்பல்லாம் இதை மாட்டிக்கிட்டு வந்து எங்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்கே!"

"தப்புதான் அண்ணி. மன்னிச்சுக்குங்க."

"நீங்க என்ன கல்லு மாதிரி நிக்கிறீங்க? உங்க தங்கச்சிதானே, கேளுங்க!"

அவர் குனிந்து, தரையில் சிந்திய குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். 'கடவுளே, இப்பவாவது என் வாயைத் திறக்க வையேன்' என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அவரே கூட நடந்தார். குழந்தை முன்னால் துள்ளிக்கொண்டு போனது.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று தங்கையிடம் கேட்டார். "அன்னைக்கு நான் போட்டதே இந்தக் கவரிங்தான். உங்க அண்ணிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீ திட்டு வாங்கறப்பக்கூட எனக்குச் சொல்லத் துணிச்சல் வரலை... உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறுநாளே கை கறுத்துடுச்சுண்ணா. எங்க வீட்டுக்காரர் கேட்டப்ப, எனக்கு சோப்பு ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன்."