நகரும் புள்ளி

மூடுபனியில் விமானம் இறங்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து இன்சுலின் பெட்டியைக் கொண்டுவர, உறைந்த கடல்மேல் பனிவண்டியில் போன ஜோவானி காலையிலேயே திரும்பியிருக்க வேண்டும்.

“தேடறதுக்கு ஆள் அனுப்பு மார்கூசி,” என்றாள் அவன் மனைவி சியாசி.

சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் மார்கூசி, திரையை அவள் பக்கம் திருப்பினான். “பெட்டியில இடங்காட்டுற கருவி இருக்கு அண்ணி. இந்தப் புள்ளிதான் அண்ணன். நகர்ந்துக்கிட்டே இருக்கு பாருங்க.”

“உங்கண்ணன் புயலா வர்ற ஆளு. இது ஊர்ந்துல்ல வருது?”

“இந்த மூட்டத்துல பறந்தா வருவாரு? ஆள் அனுப்பினா அவரே சிரிப்பாரு. போய் சீல் கறியக் கொதிக்க வைங்க.”

அவள் அரைமனதாகப் போனாள்.

மாலையில் புள்ளி ஊருக்கு நேர் எதிரே வந்தது. பெட்டியை இறக்க மார்கூசி கரைக்கு ஓடினான். மூடுபனி விலகியிருந்தது.

கரையை ஒட்டிக் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. கடல்பனி பிளந்து, பெரிய துண்டொன்று வெகுதூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் பனிவண்டி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் யாருமில்லை.

பின்னால் சியாசியின் குரல் கேட்டது.

“புள்ளி இன்னும் நகருதா?”

மார்கூசி திரும்பவில்லை.

“நகருது அண்ணி.”