எங்கே அடி?

"சிஸ்டர், தப்பா கட்டுப் போட்டிருக்கீங்க. எனக்கு அடிபட்டது கையில இல்லை."

வாட்ச் ரிப்பேர்காரர் இதைச் சொன்னாரா, சொன்னதாக நினைத்துக்கொண்டாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. முதுகில் போட்ட ஊசியும் கூடவே கொடுத்த தூக்க மருந்தும் இன்னும் ஆளை விடவில்லை. வார்டு முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது போல மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே தான் இருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் வலது கை தெரிந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளை வெளேரென்று கட்டு.

"பேசாம படுங்க," என்று அதட்டிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

பாவி மனுஷன், எல்லாம் அவர் வாயால் வந்த வினை.

விடியற்காலையில் நல்ல கனவு. கூரைகளுக்கு மேலே ஜம்மென்று பறந்துகொண்டிருந்தார். பறந்த ஜோரில் புரண்டு, கட்டிலிலிருந்து குப்புற விழுந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். விழித்துப் பார்த்தால் உயிர் போகிற வலி, வீக்கம். அடிபட்டதோ, வெளியே சொல்ல முடியாத இடம்.

மனைவிதான் பிடிவாதமாகத் தன் அண்ணனுக்குப் போன் போட்டுக் காரை வரவழைத்தாள். ஆஸ்பத்திரி கவுண்டரில், "எங்கே அடி?" என்று உரக்கக் கேட்டார்கள். பின்னால் நீள வரிசை. பக்கத்தில் மச்சான். அவர் காதில் விழுந்தால் சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்.

"கையில," என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் டாக்டரிடம் தனியாக உண்மையைச் சொன்ன ஞாபகம்.

"ஆணுறுப்புல எலும்பு கிடையாது. ஆனா விறைப்பா இருக்கும்போது மடங்கினா உள் உறை கிழிஞ்சிடும். இன்னிக்கே தைச்சா சரியாயிடும். தள்ளிப்போட்டா கோணலாயிடும், அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்லை," என்று டாக்டர் சொன்ன ஞாபகம்.

அது நிஜமா, அதுவும் கனவா? கவுண்டரில் எழுதிய சீட்டைப் பார்த்துக் கையைத் தைத்துவிட்டார்களோ?

மச்சான் வந்தார். கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, தூக்கத்துல விழுந்து கையை ஒடிச்சுக்கிட்ட ஆளை இப்பதான் பார்க்கறேன். சரி, கடைக்கு லீவு விடுங்க. நான் எல்லாருக்கும் சொல்லிடறேன்."

சொன்னபடியே ஜன்னலோரம் நின்று ஏழு பேருக்குப் போன் போட்டு, மாப்பிள்ளையின் கையைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிவிட்டுக் கிளம்பினார்.

வாட்ச் ரிப்பேர்காரர் கட்டுப் போட்ட கையையே பார்த்தார். நல்லா இருந்த கையைக் கெடுத்து, கெட்டதை அப்படியே விட்டுவிட்டார்களே. பொழப்பும் போச்சு, அதுவும் போச்சு. இனி மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற, கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

நர்ஸ் திரும்பி வந்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்தினாள்.

"எதுக்கு அழறீங்க? தைக்க வேண்டிய இடத்துலதான் தைச்சிருக்கு. நேரத்தோட வந்தீங்க, சரியாயிடும். ஆறு வாரம் மட்டும் டாக்டர் சொன்னபடி நடங்க."

"அப்போ இந்தக் கை?"

"கைக்கு என்ன, ஜோரா இருக்கு. பார்க்க வர்றவங்க கண்ணுக்கு ஏதாவது வேணும்ல? அவங்க எல்லாம் போனதும் அவுத்துடறேன்."

இவளையா மனசுக்குள் அவ்வளவு திட்டினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில், தொடை வரை காலில் கட்டோடு படுத்திருந்த லாரி டிரைவர் சிரித்தார். மெல்ல எழுந்து, அந்தக் காலையே நன்றாக ஊன்றி நடந்து வந்து, இவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"நானும் இப்படித்தான், கவுண்டர்ல காலுன்னு சொன்னேன், அண்ணே. ஆனா வெட்கப்பட்டுக்கிட்டு மூணு நாள் வீட்லயே கிடந்துட்டேன். கோணல் இனிமே கோணல்தான்னுட்டாங்க." காலில் இருந்த கட்டைத் தட்டிக் காட்டினார். "நீங்களும் பொய்தான் சொன்னீங்க. ஆனா இன்னிக்கே வந்து சொன்னீங்க."