குடிகாரன் என்கிற நல்ல பெயர்

“குடிச்சுட்டு வந்து, வந்தவங்க முன்னால மானத்த வாங்காதடா பாவி!”

தில்லையம்மாளின் குரல் திருப்பாதிரிப்புலியூரில் அந்தத் தெருவின் கடைசி வீடு வரை கேட்டது.

“நான் குடிக்கலம்மா. அவுங்கதான் பேசிக்கிட்டே இருக்காங்க!” மகன் கார்த்திகேசன் மின்விசிறியைக் காட்டி அதைவிடப் பெரிதாகக் கத்தினான்.

பக்கத்து வீட்டு ஜெயராணிக்கு அடுப்பில் இருந்த சோறு மறந்துபோனது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிற சாக்கில் உள்ளே நுழைந்துவிட்டாள்.

கூடத்தில் காப்பி டம்ளரும் கையுமாக ஒரு சிதம்பரத்து அம்மாள். தில்லையம்மாளின் மகள் கயல்விழியைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளையின் அத்தை.

அந்த வீட்டு விஷயத்தில் ஜெயராணிக்குத் தெரியாதது கிடையாது. டாக்டர் சொன்னதுகூடத் தெரியும். ஒரு மாதம் குடியை விடட்டும். காதில் கேட்கும் சத்தம் நின்றால் அது குடியால் வந்தது, நிற்காவிட்டால் தனி நோய், மாத்திரை வேண்டும்.

அவனாவது விடுவதாவது என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் அவள்தான்.

கார்த்திகேசன் அவளிடம் ஓடி வந்தான். சட்டை பிராந்திக் கடையாக நாறியது. காதருகே குனிந்து, “அக்கா, ஒங்களுக்கும் கேக்குதா?” என்றான்.

வாயில் துளி வாடை இல்லை. காலையில் தின்ற மிளகாய்ப்பொடி வாசம்தான்.

ஜெயராணியின் முகம் மாறியதைப் பார்த்த தில்லையம்மாள் அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். பிராந்தி நாற்றம் இழுத்தவளின் விரல்களில் இருந்தது.

“ரெண்டு மாசமா அவன் தொடவே இல்ல ஜெயா. சத்தம் நிக்கல. நான்தான் சட்டையில தெளிச்சேன். கல்யாணம் முடியட்டும், மாத்திரைய ஆரம்பிச்சிடறேன். பைத்தியத்துக்குத் தங்கச்சின்னா எவன் கட்டுவான்?”

கூடத்துக்குத் திரும்பியதும் அத்தைக்காரி ஜெயராணியைப் பிடித்துக்கொண்டாள். “பையனுக்குக் குடிதானா, இல்ல வேற எதாச்சுமா?”

இப்படி ஒரு சங்கதி ஜெயராணி கைக்கு ஆயுசில் வந்ததில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கயல்விழி கதவோரம் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடிதாங்க. கொஞ்சம் ஜாஸ்தி.”

“அவ்ளோதானா!” மீதிக் காப்பி நிம்மதியாக இறங்கியது. “எங்க வூட்லயும் ரெண்டு பேரு இருக்கானுவ.”

ஆவணியில் கயல்விழி சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மறுவாரமே தில்லையம்மாள் மகனோடு பாண்டிச்சேரிக்குக் குடிபெயர்ந்தாள். எந்தத் தெரு என்று ஜெயராணியிடம் மட்டும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்புறம்.

குடிகாரனைக் கூட்டிக்கொண்டு போக, சரக்கு மலிவான அந்த ஊர்தானா கிடைத்தது என்று தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

ஜெயராணிதான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள்.