பதினோராம் பக்கத்து ஓரம்

"ஓரம் அரை சென்டிமீட்டர் குறையுது சார். பதினோராம் பக்கம். மாத்திக் கொண்டாங்க."

மனு வாங்கும் கவுன்டரில் இருந்த அம்மாள் மேல்முறையீட்டுக் கட்டை வெளியே தள்ளினார். கையில் ஸ்கேல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கோர்ட் முழுக்க அவருக்குப் பெயரே ஸ்கேல் மேடம்தான்.

வக்கீலுக்கு அறுபது தாண்டியாயிற்று. முட்டிவலியோடு ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றிருந்தார்.

"மேடம், இன்னிக்குத்தான் கடைசி நாள். தெரியுமில்ல?"

"தெரியும் சார். நாலரை வரைக்கும் இருப்பேன். மாத்திட்டு நேரா வாங்க, வரிசையில நிக்க வேணாம்."

"ஒரு அரை சென்டிமீட்டருக்காகவா?"

"அந்தப் பக்கத்தை ஒரு தடவை நல்லாப் பார்த்து அடிக்கச் சொல்லுங்க சார்."

வக்கீல் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா பதறி எழுந்து வந்தார். இரண்டு மெஷினை வைத்துப் பத்தொன்பது வருடமாக ஓட்டும் வாடகைக் கடை. காலி செய்யச் சொல்லி உத்தரவு. இன்றைக்கு மேல்முறையீடு பதிவாகாவிட்டால் நாளைக் காலையில் கடை அவருடையதில்லை.

"வாங்கிக்கிட்டாங்களா சார்?"

"வாங்குவாங்கம்மா. அந்தம்மாவுக்கு யாரையாவது அலைக்கழிக்கலைன்னா சாப்பாடு செரிக்காது."

டைப் அடிக்கப் போகும் முன்னால் பதிவாளர் அறைக்குள் நுழைந்தார். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி மடமடவென்று புகார் எழுதினார். 'ஓரம் சரியாகவே இருந்தது. வேண்டுமென்றே மனுவைத் திருப்பினார்.' அளந்தெல்லாம் பார்க்கவில்லை. கோபத்தில் எழுதுகிற வக்கீல் எங்கே அளந்தார்?

பதிவாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவங்க மேல ஏற்கெனவே ரெண்டு புகார் நிக்குது சார். இது மூணாவது. ஓரம் சரியா இருந்தது நிஜம்னா வேலையே போயிடும். அந்தப் பக்கத்தைக் கொண்டாந்து காட்டுங்க, அளந்துடலாம்."

"காட்டறேன் சார்."

வெளியே வரும்போது முட்டிவலி கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

எதிர்சாரி கடையில் டைப்பிஸ்ட் பக்கத்தை வாங்கி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"நாலு சென்டிமீட்டர் கேட்கிறாங்க, நாலு சென்டிமீட்டர் இருக்கு. இதுல எதை சார் மாத்தறது?"

"பார்த்தீங்களா! நான் சொல்லலை? குடுங்க அதை!"

ஜெயித்த குஷியில் பக்கத்தைப் பிடுங்கினார். அப்போதுதான் அதைப் படித்தார்.

எந்தச் சட்டத்தின் கீழ் மேல்முறையீடு என்கிற வரி அங்கேதான் இருந்தது. அதில் பழைய வாடகைச் சட்டத்தின் பிரிவு. அந்தச் சட்டம் இந்த மாதம் ஒன்றாம் தேதியோடு ஒழிந்தது. பழைய பிரிவைப் போட்டு மனு பதிவாகிவிட்டால் நேரே தள்ளுபடி. முத்திரை விழுந்தபின் திருத்தவும் முடியாது, இன்னொரு தடவை போடவும் முடியாது.

இதையெல்லாம் போன சனிக்கிழமை வக்கீல் சங்கத்தில் ஒன்றரை மணி நேரம் மைக் பிடித்து விளக்கியவர் சாட்சாத் இவரேதான். "தயவுசெஞ்சு பழைய மனுவை எடுத்துப் பேரை மட்டும் மாத்திப் போடாதீங்க" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். பேசிவிட்டு வந்த அசதியில் பழைய மனு ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்.

கவுன்டரில் இருப்பவர்கள் வக்கீலுக்குச் சட்டம் சொல்லக்கூடாது. ஓரம், பக்க எண், கையெழுத்து, இவ்வளவுதான் அவர்கள் பார்க்கலாம். மீறி வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

வக்கீல் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"சார், ஓரத்தை என்ன பண்ண?"

"ஓரம் கிடக்கட்டும். இந்தப் பிரிவை மாத்துங்க. சீக்கிரம்!"

நாலேகாலுக்குக் கவுன்டரில் நின்றார். ஸ்கேல் மேடம் புதுப் பக்கத்தின் மேல் ஸ்கேலை வைத்தார். அந்த வரி மேல் கண் ஒரு நொடி நின்றது.

"இப்ப சரியா இருக்கு."

முத்திரை விழுந்தது.

"மேடம், முன்னாடியும் ஓரம்..."

"நான் ஓரம் மட்டும்தான் சார் பார்ப்பேன்." தலையை நிமிர்த்தவேயில்லை. "அடுத்தது யாருங்க?"

தையல்காரம்மா ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்களாலதான் சார் என் கடை தப்பிச்சுது." வக்கீல் பதிவாளர் அறைக்குப் படியேறினார். வெட்கமாக இருந்தது. முட்டி விண்விண் என்று தெறித்தது.

பதிவாளர் மேஜைமேல் ஸ்கேலைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"கொண்டாங்க சார், அந்தப் பக்கத்தை."

பழைய பக்கம் கோட்டுப் பைக்குள் நாலாக மடங்கிக் கிடந்தது.

"கிழிச்சுப் போட்டுட்டேன் சார். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"அதெப்படி சார்? ஓரம் சரியாகவே இருந்ததுன்னு உங்க கைப்பட எழுதியிருக்கீங்களே. என்ன ஆச்சுன்னு எழுத்துல குடுங்க."

முப்பத்தைந்து வருடமாகப் பொய்சாட்சிகளைக் கூண்டில் நிறுத்தி உலுக்கியவர், பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினார்:

'நானே அளந்து பார்த்தேன். அரை சென்டிமீட்டர் குறைவாகத்தான் இருந்தது.'