முழுத்திரையிலிருந்து வெளியே

ஸாதனா மொபைலை லேப்டாப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பட்டப்பகலிலும் அறை இருட்டாக இருந்தது. கேம் ஆடும்போது திரையில் வெயில் பட்டுக் கூசுகிறது என்று அவள் கணவன் ஸ்ரீநாத் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவான். கீழே மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு வெங்காய லாரி வழி கேட்டு அலறிக்கொண்டிருந்தது.

ஒரு மாதமாக இதே தலைவலி.

முழுத்திரையில் கார் ரேஸ் ஆடி முடித்து வெளியே வந்தால் டெஸ்க்டாப் வருவதில்லை. எல்லாம் கருப்பாகி நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டால்தான் உயிர் வருகிறது.

வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஆபீஸின் கம்ப்யூட்டர் அத்தனையும் அவன் பொறுப்பு. எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறான். சொந்த லேப்டாப் மட்டும் அடங்கவில்லை.

திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினான். லினக்ஸின் பழைய கெர்னலுக்குத் திரும்பிப் போனான். சாப்பாடு ஆறிப்போவது தெரியாமல், மெஷின் தானே குறித்துவைக்கும் லாக் முழுவதையும் வாசித்தான். ஒரு பிழைகூட இல்லை.

இணையத்தில் ஒரு லினக்ஸ் குழுவில் கேட்டான். யாரோ பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்: நீங்கள் பவர் பட்டனை அழுத்தும்வரை மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. நடப்பதை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

அதற்குத்தான் இன்று அவள்.

கடைசிச் சுற்று பனிமலையில். திரை வெள்ளைவெளேரென்று எரிந்தது. ஜெயித்துவிட்டு ஸ்ரீநாத் உரக்கச் சிரித்தான்.

"இப்ப வெளியில வரப்போறேன். கையை ஆட்டாதே, கேட்டியா."

விசையைத் தட்டினான்.

டெஸ்க்டாப் வந்தது.

வால்பாறையில் அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்ட படம், மூலையில் கடிகாரம், வரிசையாக ஐகான்கள். எல்லாம் இருந்தன. சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"பாத்தியா? போச்சு. ஒரே கருப்பு," என்றான் ஸ்ரீநாத்.

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள்.

மொபைலைப் பார்த்தாள். அதிலும் படம் தெளிவாக விழுந்திருந்தது. அவனைப் பார்த்தாள். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. கை மட்டும் லேப்டாப்பின் விளிம்பைத் தடவித் தடவிப் பவர் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், தோப்பும்படிப் பாலத்துக்குப் பக்கத்தில், எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு அடித்ததும் ஸ்கூட்டரைக் கொண்டுபோய்த் தடுப்பில் மோதினான். பிரேக் பிடிக்கவில்லை என்றான். புது பிரேக் போட்டுக்கொண்டார்கள்.

லேப்டாப்பை அணைத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டான். திரையில் அவன் பெயர் வந்தது. பாஸ்வேர்டு கேட்டுக் காத்து நின்றது.

"இன்னிக்கு ஆன்கூட ஆகமாட்டேங்கறதே," என்றான். "ஸாதனா, அந்த ஜன்னலைத் தொற. என்னன்னு பாக்கறேன்."

அவள் எழுந்துபோய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தாள். மத்தியான வெயில் கட்டிலின் மேலும், கீபோர்டின் மேலும், அவன் முகத்தின் மேலும் கொட்டியது.

அவன் கண்ணைச் சுருக்கவில்லை. திரைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"தொறந்தியா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த வெயிலில் நின்றாள்.

"கொக்கி இறுகிக் கிடக்கு," என்றாள். "கொஞ்சம் இருங்கோ. தொறக்கறேன்."