ஜாமீன் கையெழுத்து

ஏட்டு சகாபுதீனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. நரிக்குடி பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பெண்கள் முன்னால் கைலியை அவிழ்த்துக் காட்டியவன் மேல் வழக்குப் போடச் சொல்லி, தெரசாள் காலையிலிருந்து ஸ்டேஷனை விட்டு நகரவில்லை.

“மிஞ்சிப்போனா மூணு மாசந்தாம்மா. வெறும் அபராதத்தோடயும் விட்டுருவாக. கடைசியில உங்க மக பேருதான் நாறும். பேசாம வீட்டுக்குப் போங்க.”

“எழுதுங்கய்யா.”

“எழுதி என்ன செய்ய? நாங்க பிடிச்சுட்டு வந்ததும் அவன் ஆத்தாக்காரி ஜாமீன் போட்டுக் கூட்டிட்டுப் போயிருவா.”

“போட மாட்டா.”

“அதெப்படி அம்புட்டு உறுதியாச் சொல்றீக?”

தெரசாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு மக கிடையாதுய்யா. ஒரே மகன். போன தடவை அருப்புக்கோட்டையில நாந்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டியாந்தேன். இந்தத் தடவை போட மாட்டேன். எழுதுங்க.”